3,40,000 கி.மீ. ஓடிய குவாலிஸ்: வீட்டு வாசலில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: எங்கள் வீட்டில் 2004 மாடல் டீசல் குவாலிஸ் இருக்கிறது. 3,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். வண்டி விவரமெல்லாம் அவர் மனசுக்குள்தான் இருந்தது. எதை எப்போது மாற்றினார் என்று எங்களுக்குத் தெரியாது. விற்க மனசு வரவில்லை. ஒர்க் ஷாப்பில் விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் செலவு சொல்கிறார்கள். அதனால் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனர் செட் வாங்கிவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வருகிறது. வண்டியை எடுக்கும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. கூலன்டும் கொஞ்சம் குறைகிறது. ஃப்ளஷ் ஊற்றி இன்ஜினைக் கழுவிவிட்டு, கெட்டியான ஆயில் போட்டால் சரியாகுமா? எதில் தொடங்கட்டும்?
(பள்ளி ஆசிரியை, ஒட்டன்சத்திரம்)

டீச்சர், வணக்கம். புகை, சத்தம், நடுக்கம் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. “எதை எப்போது மாற்றினார் என்று தெரியாது” என்று நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

3,40,000 கி.மீ. இந்த இன்ஜினுக்குப் பெரிய வயசு இல்லை. 2.4 லிட்டர், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன்தான். உடம்புக்கு மீறி வேலை செய்யாத ஆள் மாதிரி. 5 லட்சம் தாண்டிய குவாலிஸ்கள் என் பட்டறைக்கு வந்துபோகின்றன. ஆனால் இதற்குள்ளே ஒரு சமாச்சாரம் இருக்கிறது: டைமிங் பெல்ட். சில வண்டிகளில் அந்த இடத்தில் இரும்புச் செயின் இருக்கும், இதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் டீசல் பம்பையும் அதுதான் சுற்றுகிறது. 1 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மற்ற சாமான்களெல்லாம் கெடுவதற்கு முன்னால் கத்தும், ஒழுகும், புகையும். இது எதுவும் செய்யாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி ஒரு நொடியில் நின்றுவிடும். பெல்ட் அறுந்தவுடன் கேம் நின்றுபோகும், பிஸ்டன் ஓடின வேகத்தில் இன்னும் நாலு சுற்று மேலே வரும். அந்த நேரம் திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் தலையில் போய் இடிக்கும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் முடியாது.

கணக்குப் போட்டால் மூன்றாவது பெல்ட் 3 லட்சத்தில் மாற்றியிருக்க வேண்டும். அப்பா மாற்றினாரா? முதலில் அதைத் தேடுங்கள். டேஷ்போர்டு டப்பா, அவருடைய டைரி, பழைய இன்சூரன்ஸ் கவர், பீரோ எல்லாம் பாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் பில்லைச் செருகி வைக்கிற மனிதர்களை எனக்குத் தெரியும். அவர் வழக்கமாகப் போன ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் ‘இந்த வண்டி’ என்று சொன்னாலே சிலருக்கு ஞாபகம் வரும். இன்ஜின் முன்பக்கக் கவரில் பழைய மெக்கானிக் யாராவது கி.மீ. எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். எங்கேயும் கிடைக்கவில்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை நீங்கள் செய்யக்கூடாது. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு), கேம், பம்ப் மூன்றிலும் குறி சேர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வேலை கெட்டது. பட்டறையில் கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும், கேம் சீல், முன்பக்க கிராங்க் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். சீல் கசிந்து ஆயில் பட்டால் புதுப் பெல்ட்டும் சீக்கிரம் ஊறிப்போகும். பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கமாக வளைத்து, பல்லின் அடியில் பாருங்கள். மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தால் எவ்வளவு நாள் அதிர்ஷ்டத்தில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

அன்றைக்கே 40 பக்க நோட்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். தேதி, கி.மீ., என்ன செய்தது, எவ்வளவு ஆனது. முதல் வரி டைமிங் பெல்ட். பழைய வண்டியில் தேதி தெரியாத ஒவ்வொரு சாமானுக்கும் இப்படி ஒரு புதுத் தேதி போட்டுவிட்டால், ‘இதையும் மாத்தணும்’ என்று யார் சொன்னாலும் நோட்டைப் பார்த்துப் பேசலாம். உங்கள் செலவு குறையப்போவது ஸ்பேனர் செட்டால் அல்ல, இதனால்தான்.

சரி, இனி கூலன்ட். ‘கொஞ்சம் குறைகிறது’ என்றால் எவ்வளவு? காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன்னால், பானட்டைத் திறந்து ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே திறந்து உள்ளே விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. ஏழு நாள் இதே மாதிரி பாருங்கள். குறைந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும். ஹோஸ் மாட்டும் இடங்களிலும், வாட்டர் பம்புக்குக் கீழேயும், ரேடியேட்டர் ஓரத்திலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கோடு இருக்கிறதா? இருந்தால் சந்தோஷப்படுங்கள், கசிவு வெளியில்தான். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். வேகவைத்த முருங்கைக்காய் மாதிரி கொழகொழவென்று இருந்தாலும், காய்ந்த குச்சி மாதிரி விறைத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அது நீங்களே செய்யக்கூடிய வேலை: இன்ஜின் ஆறியபின் கீழே ஒரு பேசின் வைத்து, கிளிப்பைத் தளர்த்தினால் போதும்.

வெளியில் எங்கேயும் கோடு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் உள்ளே போகிறது என்று அர்த்தம். காலையில் ஆறின வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் பாருங்கள். குமிழி குமிழியாக விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேல் ஹோஸ் காலையிலும் விறைப்பாக இருந்தால் அதுவும் அதே கதை. ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றிப் பழகியவர்கள் நிறையப் பேர். டீத் தூள் போடும் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் இதற்குச் சரியில்லை. பேட்டரிக்கு ஊற்ற கேனில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, கூலன்டில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடிமேட் கலவை வாங்கினால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். பழைய டீசல் இன்ஜின்களைப் பெரும்பாலும் கொன்றது கிலோமீட்டர் இல்லை, ஒரே ஒருநாள் ஓவர் ஹீட் ஆனதுதான். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைவிட்டு ஏறினால், கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாலும் ஓரம் கட்டுங்கள்.

வெள்ளைப் புகைக்கு வருவோம். ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்தில் புகை நின்றுபோய், இன்ஜினும் அந்த நேரம் மட்டும் தடதடத்துவிட்டுச் சமாளித்துக்கொண்டால், அநேகமாக ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக். நாலில் ஒன்றோ இரண்டோ செத்திருக்கும். இதைச் சோதிக்க உங்கள் பள்ளி லேபில் இருக்கிற மல்டிமீட்டரே போதும். சாவியை எடுத்துவிடுங்கள். பிளக்குகளின் மேலே ஓடுகிற இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் உச்சிக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். நல்ல பிளக் 1 ஓம் பக்கம் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. நாலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், முந்தின நாளே துரு விடும் ஆயில் தெளித்து வையுங்கள். இறுகிப் போனதை முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே உடைந்துவிடும். கையில் விறைப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு ஓட்டிப் போங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே போனால் மறுபடி ஹெட் கேஸ்கெட் பேச்சுதான்.

அந்த ‘டக்’. நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போதும், ரிவர்ஸ் மாற்றும்போதும் ஒரு தடவை மட்டும் கேட்கிறதா? அப்படியானால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு, அதாவது கிராஸ் காய்ந்திருக்கும். இதை வாசலில் ஜாக்கி போட்டுப் பார்க்காதீர்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கழுவுவதற்கு முன்னாலேயே டார்ச் அடித்து கிராஸைப் பாருங்கள். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும். கிராஸின் தொப்பி ஓரங்களில் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபடுகிறது. இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து வலமும் இடமும் முறுக்குங்கள். கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் இல்லை, காய்ந்துதான் கிடக்கிறது என்றால் கிரீஸ் அடித்தால் போதும்.

கிரீஸ் அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைப் பையன் நிப்பிளில் கன்னை வைத்து இரண்டு அழுத்து அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவான். நாலு தொப்பியின் ஓரத்திலிருந்தும் கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸின் நிறம் தெரிகிற வரைக்கும் அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் உங்களுடைய ‘டக்’. சில மாற்று கிராஸ்களில் நிப்பிளே இருக்காது; யாராவது அப்படி ஒன்றைப் போட்டிருந்தால் அடுத்த தடவை நிப்பிள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கிராஸ் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் பின் லீஃப் ஸ்பிரிங் புஷ், இன்ஜின் மவுண்டிங், கடைசியாக பின் அச்சுக்குள் இருக்கிற கிரவுன் பல்சக்கரம் என்று தேடுவோம்.

ராம்ப்பில் இருக்கும்போதே சேஸிஸையும் ஒரு கண் பாருங்கள். தண்ணீரும் சேறும் தங்குகிற மூலைகளில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘சத்’ என்றால் பெயின்ட் மட்டும் இருக்கிறது.

80-ல் நடுக்கம் என்றதும் ஆளாளுக்கு ஸ்டீயரிங் பாக்ஸ் என்பார்கள். காசைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அப்பா கடைசி வருஷங்களில் குறைவாக ஓட்டியிருப்பார். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்ததாக இருக்கும். டயர் நல்லதாக இருந்தால் பேலன்சிங் செய்யுங்கள். அங்கேயே முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் ஆடினால் டை ராட் எண்ட். பால் ஜாயிண்டில் ஆட்டம் என்று சொல்லிவிட்டால் ‘அடுத்த மாசம்’ என்று தள்ளாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும்.

இப்போது ஃப்ளஷ். வேண்டாம் டீச்சர். 20 வருஷத்துக் கசடு ஒரு மாதிரி படிந்து, பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அதை ஒரே நாளில் கிளப்பிவிட்டால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சேம்பருக்குள் இருக்கிற ஆயில் வடிகட்டியின் வாயை அடைக்கும். பட்டறை போட்ட புதிதில் ஒரு பழைய ஜீப்புக்கு நானே ஆசை ஆசையாய் ஃப்ளஷ் ஊற்றினேன். நாலாம் நாள் ஆயில் லைட் எரிய, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சேம்பரைக் கழற்றினால் வடிகட்டி வலையில் தார் ரோடு மாதிரி அப்பியிருந்தது. கிராங்க் வேலையை என் கைக்காசில் செய்து கொடுத்தேன்.

அதற்குப் பதில் டீசல் வண்டிக்கான 15டபிள்யூ-40 ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு 1,500 கி.மீ. ஓட்டிவிட்டு, மறுபடி இரண்டையும் மாற்றுங்கள். நல்ல டீசல் ஆயிலிலேயே கழுவுகிற மருந்து உண்டு, அது மெதுவாகக் கரைத்துக்கொண்டு வரும். அதன்பின் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், இந்த மாதிரி டீசலில் அப்படித்தான் இருக்கும். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கும், அவ்வளவுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேலே கேம் வரைக்கும் ஏற அதற்கு நேரமாகும், தேய்மானம் கூடும்.

ஆயில் மாற்றுவது உங்களுக்கு ஏற்ற வேலை. பத்து நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிவிட்டு வடியுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டி, வாசல் முழுக்க ஆயில் கொட்டியவர்கள் உண்டு. துடைக்க பனியன் வேஸ்ட் அரைக் கிலோ வாங்கி வையுங்கள். கழிவு ஆயிலைத் தோட்டத்து வாய்க்காலில் விடவேண்டாம், கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

ஏர் ஃபில்டர், பேட்டரி முனைகள், வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிப்பது, இதெல்லாமும் நீங்களே செய்யலாம். டீசல் ஃபில்டரை மாற்றினால் மேலே இருக்கிற கைப்பம்பை அது கெட்டியாகும் வரைக்கும் அழுத்தி, காற்றை எடுத்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

பிரேக் மட்டும் பட்டறையில் நடக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் கலந்த ஆயில் பாச்சலூர் மலைப்பாதையில் இறங்கும்போது சூட்டில் கொதித்து, பெடல் மெத்தென்று கீழே போய்விடும். எப்போது மாற்றினார் என்று தெரியாத பட்டியலில் இதுவும் இருப்பதால், பெல்ட்டோடு சேர்த்து இதையும் இப்போதே மாற்றி நோட்டில் இரண்டாவது வரியாக எழுதுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எந்த உறுப்பையும் வைக்காதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றத்தான். என் பட்டறையில் ஒருநாள் தரையில் சிந்தின ஆயிலில் ஜாக்கி வழுக்கியது. பையன் ஸ்பேனர் எடுக்க அந்த நொடிதான் வெளியே நகர்ந்திருந்தான். அன்றைக்கு மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். மண் தரையில் வைக்க வேண்டாம், சிமென்ட் தளத்தில் மட்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி நிறுத்துவதும் கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும்.

சாமான் விஷயத்தில் ஒன்று. குவாலிஸ் 2005-லேயே நின்றுபோனாலும் இன்ஜின், பிரேக் சாமான்கள் கிடைக்கின்றன. பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கதவுப் பூட்டு, கண்ணாடி, பம்பர் மாதிரியானவற்றுக்கு சென்னைப் பக்கம் போனால் புதுப்பேட்டையில் ஒரு நடை நடக்கலாம். பெல்ட், பால் ஜாயிண்ட், பிரேக் சாமான் எதையும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் தேதி எது வரை என்றும் பார்த்துவிடுங்கள். 15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள். 2004 வண்டிக்கு இரண்டாவது தடவையும் வந்திருக்கும்.

ஆக, பெல்ட் மாற்றும்வரை வெளியூர் ஓட்டம் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போங்கள். டேப்பை நாளைக் காலையே ஒட்டுங்கள். ஏழாம் நாள் தண்ணீர் டேப்புக்கு எத்தனை விரல்கடை கீழே நிற்கிறது, சூடான பிறகு புகை வருகிறதா, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஹெட்டைத் திறக்க வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.